சீமைக் கொப்புளம்

புதுச்சேரி நகரவாசிகள் யாவரும் அறிய வேண்டியது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, ஜூன் மாதம் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, முசியே தனிஸ்லாஸ் அவர்களின் வலது நெற்றியில் எட்டுக் கொப்புளங்கள் எழுந்தருளின. மூக்கு நுனியில் உபரியாக ஒன்று.

அது சாதாரண நெற்றி அல்ல. சுகாதார ஆபீஸ் இரண்டாம் குமாஸ்தாவின் நெற்றி. ஜூலை பதினாலாம் தேதி, குடியரசுத் திருநாள் மேடையில், அதற்குச் சொந்தக்காரர் சட்டையில் பதக்கம் குத்துவதாக ஏற்பாடு. அவர் குடியிருக்கும் தெருவில் ஒரு வருஷமாகத் தொற்றுநோயே கிடையாது. கடற்காற்று காரணம் என்று தெருக்காரர்கள் நினைத்திருந்தார்கள். தானே காரணம் என்று தனிஸ்லாஸ் பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்.

மனைவி ஞானமேரி கொப்புளத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இது அக்கிங்க. கலியபெருமாள் வேளார வரச்சொல்லி எழுதிப்புடலாம்."

கலியபெருமாள் பானை வனைகிறவர். அக்கி கண்ட உடம்பில் காவிமண்ணைக் குழைத்துச் சிங்கம் எழுதுவார். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும் என்று ஊரில் நம்பிக்கை.

"அக்கி நமக்கு எப்பிடி வரும்? எங்கப்பா தமிழ் வழக்கமே வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு மாறினவரு. அன்னியோட அக்கியும் போச்சு."

"அது நெத்திக்குத் தெரியுமாங்க?" என்றாள் ஞானமேரி.

தெரிவிப்பதற்காகவே அவர் பிரெஞ்சு டாக்டரிடம் போனார். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார், மூக்கு நுனியைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். பிறகு கால்மணி நேரம் மழை மாதிரி பிரெஞ்சு பொழிந்தார். தனிஸ்லாஸ் பதினான்கு இடங்களில் "வுய்" என்றார், அதாவது ஆமாம் என்றார். மண்ணாங்கட்டி என்ற ஆஸ்பத்திரிச் சிப்பந்தி விளக்கைப் பிடித்தபடி நின்றிருந்தான். கடைசியில் ஒரு சொட்டு மருந்துச் சீசாவும் வியாதியின் பெயரும் கிடைத்தன. பெயர், ஸோனா.

ஸோனா! அவருக்கு வலியே பாதி குறைந்துவிட்டது. சாயங்காலம் வீடு வீடாகப் போனார். வழக்கமாகக் குப்பைத் தொட்டியைப் பார்க்கப் போகிறவர், இந்த முறை நெற்றியைக் காட்டப் போனார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. அவர் குனிந்து கொடுத்தார்.

"மெதுவாத் தொடு. சீமை வியாதி. நம்ம ஊருல யாருக்கும் கெடைக்காது" என்றார்.

சொட்டு மருந்து விட்டதும் கண்மணி விரிந்து, வெளிச்சம் ஊசியாகக் குத்தியது, எழுத்து கலங்கியது. ஆபீஸ் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிழை திருத்தினார். மருந்துதான் கண்ணைக் கெடுக்கிறது என்று தீர்மானித்து மூன்றாம் நாள் சீசாவைக் கவிழ்த்தார். கண் தக்காளியாகச் சிவந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டினார். அதன் பிறகு எதுவும் தெரியாததால், கலங்கலாகத் தெரிகிறது என்ற குறை தீர்ந்தது.

ஜூலை மூன்றாம் தேதி ஆபீஸ் துரை கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நோயே இல்லாத தெருவின் காவலருக்கு இது எங்கிருந்து வந்தது?

தனிஸ்லாஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். வீட்டிலிருந்து வந்தது என்றால் பதக்கம் போயிற்று. பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்றால் அவர் சுகாதாரத் தியாகி. யோசித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தவர் கண்ணில், பக்கத்து வீட்டு அமிர்தவல்லியின் வாசலில் செருகியிருந்த வேப்பிலை பட்டது. அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை. எதிர்வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு. டாக்டர் அன்றைக்குப் பேசியதில் 'குழந்தைகள்' என்று இரண்டு தடவை வந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. எல்லாம் விளங்கிவிட்டது.

அங்கேயே நின்று குற்றப்பத்திரிகை எழுத ஆரம்பித்தார்.

"ஆத்தா வந்து எறங்கியிருக்கா. வூட்டு வாசல்ல பேனாவத் தூக்கிட்டு வந்து நிக்கறீங்களே, நல்லாயிருக்குதா?" என்றாள் அமிர்தவல்லி.

"உன் புள்ளைங்களாலதான் என் கண்ணு போச்சு. சர்க்காருக்குப் பதில் சொல்லு."

"எங்க வூட்டு வாண்டுங்க உங்க கண்ணுல வந்து ஒக்காந்துச்சா?"

அதையும் எழுதிக்கொண்டார்.

அம்மை என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பெரியம்மையோ என்று பயந்து, ஒன்பதாம் தேதி சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு மேஸ்திரியும் ஆறு ஆட்களும் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள். தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். யாரும் உள்ளே வரக்கூடாது, யாரும் வெளியே போகக்கூடாது. தனிஸ்லாஸ் முன்னால் நின்று வீடுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவர் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஆறாவதாக அவர் பெயரையும் எழுதினான்.

"யோவ், இது ஸோனா."

மேஸ்திரி பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அந்தப் பெயர் இல்லை என்றான். இருப்பது காலரா, பெரியம்மை, பிளேக் மூன்றுதான், எது வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டான்.

பதக்கத்துக்கு ஐந்து நாள் இருந்தது. தனிஸ்லாஸ் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து நான்கு மனு அனுப்பினார். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு வாளி சுண்ணாம்பு கூடுதலாக வந்தது. நாலாவது மனுவுக்கு அவருடைய சட்டைகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார்கள். மேடைக்கென்று தைத்த கோட்டும் அதில் போயிற்று.

பதின்மூன்றாம் தேதி ஞானமேரிதான் வழி சொன்னாள். அம்மை கண்ட உடம்பில் எந்த வேளாரும் மண் பூசமாட்டார், ஆத்தா குற்றம். நெற்றியில் சிங்கம் எழுதியிருந்தால் அது அக்கிதான், அம்மை இல்லை என்று மேஸ்திரியே ஒப்புக்கொள்வான்.

தனிஸ்லாஸ் அப்பாவின் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கலியபெருமாள் மறுநாள் விடிந்ததும் கயிற்றுக்கு அடியில் நுழைந்து வந்தார். உதிராமல் மிச்சமிருந்த பொருக்குகளைப் பார்த்தார்.

"இது காஞ்சி போச்சுங்களே. இப்ப எழுதி என்ன ஆவப்போவுது?"

"நீ எழுது. பெருசா எழுது. தெரு முனையிலேர்ந்து பாத்தாத் தெரியணும்."

சிங்கம் வலது பொட்டிலிருந்து இடது பொட்டு வரை படுத்தது. வால் மூக்கில் இறங்கியது. ஆடி வெயிலுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தும் அவருக்கு அருவியாக வியர்த்தது. காவி கரைந்து, ஏற்கெனவே புண்ணாயிருந்த கண்ணுக்குள் போயிற்று. அவர் போட்ட அலறலில் மேஸ்திரியே கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

இப்படியாக, ஜூலை பதினாலாம் தேதி காலை, கடற்கரையில் பேண்டு முழங்க, முசியே தனிஸ்லாஸ் ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஊர்வலம் போனார். பாதிச் சிங்கம் கன்னத்தில் வழிந்தது.

டாக்டர் அரைமணி நேரம் கண்ணைக் கழுவினார். பார்வை முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்பதை உதட்டைப் பிதுக்கியே காட்டினார். தனிஸ்லாஸ் அதற்குக் கலங்கவில்லை. மேடைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி, நல்ல கண்ணால் கெஞ்சினார்: இந்த நோயைத் தனக்குக் கொடுத்தது பக்கத்து வீட்டுக் குழந்தைகள்தான் என்று டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும்.

டாக்டர் பேனாவை எடுக்கவில்லை. மறுபடி மழை பொழிந்தார். விரல்விட்டு வாரங்களை எண்ணினார். தனிஸ்லாஸின் நெற்றியைக் காட்டினார், கதவைக் காட்டினார், மேசையைத் தட்டினார்.

"வுய், வுய்" என்றார் தனிஸ்லாஸ், திருப்தியாக.

பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்த மண்ணாங்கட்டிக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்கு முசியே வுய்ங்கறீங்க? ஸோனான்னா நம்ம அக்கிதான், அதுவும் சின்னம்மையும் ஒரே விஷமாம். அந்தப் புள்ளைங்களுக்குச் சின்னம்மையக் குடுத்ததே நீங்கதாங்கறாரு. காயற வரைக்கும் புள்ளைங்க கிட்ட போவாதீங்கன்னு அன்னிக்கே ரெண்டு தரம் சொன்னாரு. அதுக்கும் நீங்க வுய்னுதான் சொன்னீங்க."