பித்தப்பையைப் பத்திரப்படுத்தியவன்

பள்ளித் தேர்வில் மலாய் மொழிக்கு ‘ஏ’ வாங்கியவன் நான். கட்டுரை எழுதுவேன், கடிதம் எழுதுவேன், மேடையில் பேசவும் பேசுவேன். ஆனால் ஒரு மொழி தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவன், ஒரு பறவையின் வயிற்றுக்குள் இருப்பவற்றை அந்த மொழியில் என்னவென்று சொல்வார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நான் தெரிந்து வைத்திருக்கவில்லை. அதனால் ஒரு சட்டி கறி போயிற்று. கறியோடு வேறொன்றும் போயிற்று.

அப்போது பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்தேன். (ஆமாம், தரக்கட்டுப்பாடு. சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.) உடன் வேலை செய்த மணியின் வீடு சுங்கை பினாங்கில், அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில் இருந்தது. மணிக்கு ஒரு தங்கை, சுமதி. நான் அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது லிப்ட் வரும்வரை அவள் வாசலில் நிற்பாள். அந்தக் கட்டடத்தில் லிப்ட் தாமதமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

அவளுடைய அப்பாவிடம் யார், எப்போது, எப்படிப் பேசுவது என்பதுதான் எங்கள் பிரச்சினை. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். வழி சொன்னது சுமதிதான்.

“ருவாக்-ருவாக் கறி சாப்பிட்ட அன்னிக்கு அப்பாகிட்ட எது கேட்டாலும் சரின்னுருவாரு. நான் மோட்டார் சைக்கிள் வாங்குனதே அப்படித்தான். சாப்பிட்டுக் கை கழுவிட்டு வருவாரு பாருங்க, அப்போ கேளுங்க.”

ருவாக்-ருவாக் என்பது வயலோரத்தில் திரியும் வெள்ளை மார்புக் கானாங்கோழி. மணியிடம் அதைப் பிடிக்க உரிமம் இருந்தது. பாலிக் புலாவில் தெரிந்தவர் ஒருவரின் வயலில் கண்ணி வைப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றேன். என் திட்டத்தில் எல்லாம் வரிசையாக இருந்தது: பறவையைச் சுத்தம் செய்வது, சமையலில் கை கொடுப்பது, சாப்பிடுவது, அவர் கை கழுவியதும் கேட்பது. அதுவரை ‘அங்கிள்’ என்று அழைத்தவரை அதற்கப்புறம் ‘மாமா’ என்று அழைப்பது. இந்தக் கடைசிப் பகுதியைக் குளியலறையில் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன்.

பறவைகள் கிடைத்தன. உயிரெடுக்கும் வேலையை மணியே சட்டென்று முடித்தான். நான் அந்த நேரம் மலையை ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பறவையை எடுத்து எனக்குச் செய்து காட்டினான்.

“ஒடம்புச் சூட்டோடயே கொடல எடுத்துரணும்டா. இந்த வெயில்ல விட்டா கறி நாறிடும். தோல இப்படிச் சட்டையக் கழட்டுற மாதிரி உரிச்சிரு. நெஞ்செலும்புக்குக் கீழ சின்னதா ஒரு கீறல். ரெண்டு வெரல உள்ள விட்டு மொத்தமா இழு. பாத்தியா? அவ்ளோதான்லா.”

“நெஞ்சுக்கறிய மட்டும் எடுத்தா போதாதா? மத்ததுல எல்லாம் எலும்புதானே இருக்கு?”

“அலாமாக்! இத எங்கப்பா முன்னாடி கேட்றாத. நெஞ்ச மட்டும் கிழிச்சு எடுத்துட்டு மிச்சத்த வீசுறவன அவரு மனுசனாவே மதிக்க மாட்டாரு. காலு, கழுத்து, ஈரலு, ஹார்ட்டு, ஒன்னும் வீணாகக்கூடாது.”

அப்போது வயலின் மறுகோடியில் இன்னொரு கண்ணி படபடத்தது. மணி வரப்பில் ஓடினான். ஓடிக்கொண்டே திரும்பிக் கத்தினான். அவன் கத்தியதில் ஒரு எழுத்துகூட இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

“ஹெம்பெடு, ஹெம்பெடால், ரெண்டையும் பாத்துக்கோ! ஒன்னு அப்பாவுக்கு உசுரு! இன்னொன்ன வீசிரு! உடைச்சிராத, பத்திரம்!”

எது எது என்று கேட்டிருக்கலாம். ‘ஏ’ வாங்கியவன் எப்படிக் கேட்பான்? இழுத்துப் போட்ட உறுப்புகளைப் பார்த்து நானே யோசித்து முடிவு செய்தேன். ஈரல் தெரிந்தது, இருதயம் தெரிந்தது. மிச்சம் இரண்டு. ஒன்று உருண்டையாக, கல் மாதிரி கெட்டியாக இருந்தது. கீறிப் பார்த்தேன். உள்ளே மணலும் புல்லும் சிறு கற்களும். மணலை யாராவது தின்பார்களா? மற்றொன்று ஈரலோடு ஒட்டிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பை. மரகதப் பச்சை. வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுத்தது. தொட்டாலே உடைந்துவிடும் போலிருந்தது. உடைக்காதே, பத்திரம் என்று அவன் சொன்னது இதைத்தானே! இவ்வளவு அழகாகவும் இவ்வளவு கொஞ்சமாகவும் இருப்பதுதான் ஒரு மனிதருக்கு உயிராக இருக்க முடியும்.

(மலாயில் ஹெம்பெடு என்றால் பித்தப்பை. ஹெம்பெடால் என்றால் இரைப்பை. மணலைக் கழுவி, உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை உரித்து எடுத்தால், கோழியிலும் சரி கானாங்கோழியிலும் சரி, நறுக்கென்று கடிபடும் பாகம். இப்போது எனக்கு நன்றாகவே தெரியும்.)

இரைப்பைகள் அத்தனையையும் வாய்க்காலில் வீசினேன். ஒரு பியாவாக், நாய் நீளத்துக்கு இருக்கும் உடும்பு, அவசரமே இல்லாமல் வந்து ஒன்றுவிடாமல் தின்றது. அன்று வயிறும் மனமும் நிறைந்து வீடு திரும்பியது அது மட்டும்தான். பச்சைப் பைகளை ஒன்றுகூட உடையாமல் பிரித்தெடுத்து, டப்பாவில் வாழையிலை விரித்து அடுக்கி, மேலே ஈரல்களைப் பரப்பி மூடினேன். தொழிற்சாலையில்கூட நான் ஒரு பொருளை அவ்வளவு கவனமாகப் பொதிந்ததில்லை.

வீட்டில் சுமதியும் அவள் அம்மாவும் கறியை அடுப்பில் ஏற்றினார்கள். கொதி வந்ததும் அம்மா கூடத்தில் இலை போடப் போனார். சுமதி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த டப்பால ஈரல்தானே இருக்கு? அப்படியே சட்டில கொட்டிருங்க” என்றாள்.

கொட்டினேன். கரண்டியால் நன்றாகக் கிளறியும் விட்டேன். அவளும் நானும் ஒரே அடுப்பின் முன்னால் நின்றது அன்று ஒருமுறைதான். நீராவியில் அவள் நெற்றிமுடி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிளறினேன். அதனால் இன்னும் நன்றாகவே கலந்தது.

முதல் கவளத்தை மணிதான் வாயில் வைத்தான்.

“ஆத்தாடி! என்னம்மா இது, காய்ச்சல் மாத்திரைய அரைச்சு ஊத்துனியா?”

அம்மா சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவினார். கரண்டியில் சுருங்கிய பச்சைத் தோல் ஒன்று வந்தது. சுமதியின் அப்பா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஹெம்பெடால் எங்க?”

“வீசிட்டேன் அங்கிள்.”

“ஹெம்பெடு?”

“அத... ஒன்னுகூட உடையாம பத்திரமா கொண்டாந்துட்டேன், மாமா.”

வாய்க்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொல், தப்பான நேரத்தில் தானாக வெளியே வந்து விழுந்தது. மணி தண்ணீரை மூக்கு வழியாக விட்டான். அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அங்கிருந்து குலுங்கல் சத்தம் மட்டும் வந்தது. சுமதி தலையைக் குனிந்திருந்தாள். அவள் தோள்களும் ஆடின.

அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தார்.

“உசுர எடுத்தாச்சு. திங்கத்தான் வேணும்” என்றார்.

தின்றோம். அந்தக் கசப்பு நாக்கில் நிற்கவில்லை. காதுக்குப் பின்னால் ஏறி, கண்ணில் நீராக இறங்கியது. மணி கவளத்துக்கு ஒருமுறை என் பெயரைச் சொல்லித் திட்டினான். எல்லாரும் இலையை மூடுகிற நேரத்தில் சுமதி கரண்டியை எடுத்து, தனக்கு இன்னொரு தடவை கறி போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அப்பா சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறாள், என்ன ஒழுங்கான பெண் என்று நான் வியந்தேன். (இதற்கு மேல் ஒரு மனிதன் முட்டாளாக இருக்க முடியுமா என்று தெரியவில்லை.)

அவர் கை கழுவிவிட்டு வந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே என் எதிரில் நின்றார்.

“ஏதோ கேக்கணும்னு வந்த மாதிரி இருக்கு. என்னாய்யா?”

சமையலறை வாசலில் சுமதியின் பாவாடை நுனி தெரிந்தது.

“ஒன்னுமில்ல அங்கிள்” என்றேன். “வெங்காயம் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்.”

அவர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, சரி என்று உள்ளே போனார். அன்று லிப்ட் உடனே வந்துவிட்டது.

இந்தக் கசப்பு கொஞ்சம் அடங்கட்டும், அடுத்த பருவத்தில் ஒழுங்காகச் சுத்தம் செய்த கானாங்கோழியோடு போய்க் கேட்போம் என்று முடிவு செய்தேன். எதையும் அதற்குரிய முறைப்படி செய்தால்தான் எனக்கு நிம்மதி. பசாரில் கோழிக்கடைக்காரர் பக்கத்தில் நின்று, பித்தப்பையை ஈரல் கிழியாமல் அறுக்கவும், இரைப்பையைப் பிளந்து தோலுரிக்கவும் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன். அடுத்த பருவம் வருவதற்குள் ஈப்போவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான் கேட்பேன், கேட்பேன் என்று அவள் காத்திருந்ததாக மணி பிற்பாடு ஒருமுறை சொன்னான். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினான்.

சுமதியின் அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அவரை நான் இரண்டாம் முறை மாமா என்று அழைக்கவேயில்லை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. கோழி வாங்கினால் முழுதாக வாங்கி நானே வெட்டுகிறேன். ஒரு துண்டு வீணாவதில்லை. அதைச் சொல்லிப் பாராட்டத்தான் வீட்டில் யாரும் இல்லை.

போன மாதம் மணியின் மகள் கல்யாணம். கோப்பி வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். பட்டுப்பாவாடை கட்டிய பெண்ணொருத்தி என் முன்னால் வந்து நின்றாள். வயது இருபதுக்குள் இருக்கும். நெற்றிமுடியைப் பார்த்ததும் யார் மகள் என்று தெரிந்துவிட்டது.

“அங்கிள், நீங்கதான் செல்வமா? உண்மையான செல்வமா?”

“உண்மையானன்னா?”

“எங்க வீட்ல கசப்புன்னு யாரும் சொல்ல மாட்டோம் அங்கிள். செல்வம்னுதான் சொல்வோம். பாவக்காய்னா அரை செல்வம். கசாயம்னா முழு செல்வம். என் ரிசல்ட் வந்தப்ப அம்மா, ‘ரெண்டு செல்வம்டி இது’ன்னு சொன்னாங்க. நான் ரொம்ப நாள் கசப்புக்குத் தமிழ்ல அதுதான் வார்த்தைன்னே நெனச்சேன், தெரியுமா?”

“யாரு ஆரம்பிச்சது?”

“அம்மாதான். வேற யாரு?” என்றவள் திரும்பி, மண்டபத்தின் மறுபக்கம் பார்த்துக் கத்தினாள். “மா! இங்க வாங்களேன்! செல்வம் நிக்கிறாரு!”

கூட்டத்துக்கு நடுவே சுமதி திரும்பினாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் ஆடின. பக்கத்தில் யாரோ பெயர் சொல்லி அழைக்க, அந்தப் பக்கம் போனாள்.

நான் கோப்பியைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார்கள். ஒன்றரைச் செல்வம் இருக்கும். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.