அடைத்த பிறகு அதெல்லாம் எங்கே போகிறது?

விசைப்படகில் வேலை பார்ப்பவனிடம் ரகசியம் சொல்லலாம். அவனை ரகசியம் பேசவிடக் கூடாது. எஞ்சின் சத்தத்தில் காது மந்தம், அதனால் குரல் பெரிது. எனக்கு இரண்டுமே கொஞ்சம் அதிகம்.

மூன்றாவது குழந்தைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை நானே செய்துகொண்டேன். மனைவி ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும். தங்கச்சிமடத்தில் இருக்கும் அவள் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. (வெட்டிக்கொண்ட ஆம்பளையால் வலை இழுக்க முடியாது என்பது அத்தையின் மருத்துவ ஞானம்.)

ஆபரேஷன் சுலபமாக முடிந்தது. அதற்கப்புறம்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. குழாயை அடைத்தாயிற்று, உற்பத்தி நிற்காதாம். அப்படியானால் சரக்கு எங்கே போகிறது? ஒருநாள் வெடித்துவிடுமோ?

மறுபரிசோதனைக்கு ராமநாதபுரம் கிளம்பிய அன்று, "அம்மாவுக்கு முட்டி வலி, அப்படியே கூட்டிட்டுப் போங்க" என்றாள் ஜெசிந்தா. மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கூடத்தில் எலும்பு டாக்டருக்காக அத்தையை உட்கார வைத்து, "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று நழுவி, என் டாக்டரின் அறைக்குள் புகுந்தேன். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அது கூரையைக்கூடத் தொடவில்லை. நான் கவனிக்கவில்லை.

"டாக்டர், அடைச்ச பெறகு அந்த உயிரணுவெல்லாம் எங்கன போகுது?" என்று கிசுகிசுத்தேன். (கிசுகிசுத்ததாக நினைத்தேன்.)

அவர் மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்னது?"

மறுபடி சொன்னார்.

"கேக்கல சார்!"

டாக்டர் பொறுமை இழந்தார். "உங்க உடம்பே தின்னுரும்யா! அதுக்குன்னே உள்ள வேற அணுக்கள் இருக்கு. தேங்குறத முழுங்கிச் செரிச்சுரும். குரங்குக்கு இதே ஆபரேஷன் பண்ணிப் பாத்துருக்காங்க, அதுக்கும் இப்படித்தான். வெடிக்காது!"

"அப்ப வலை இழுக்கலாமா?"

"குரங்கு மரம் ஏறுதுல்ல!"

கூடத்தில் பேச்சு நின்றது. என் காதுக்கே அந்த அமைதி கேட்டது.

வெளியே வந்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள், அத்தையைத் தவிர. திரும்பும்போது பஸ் பாம்பன் பாலத்தைத் தாண்டியும் அவர் வாய் திறக்கவில்லை. கடலில் குதித்துவிடலாமா என்று யோசித்தேன். (நீச்சல் தெரிந்தவனுக்கு அந்த வழியும் இல்லை.)

அத்தை தன் வீட்டில் எனக்குச் சோறு போட்டு, ஒரு சீலா மீன் துண்டு வைத்தார். பிறகு இன்னொன்று.

"போதும் அத்தை."

"சாப்புடுங்க மாப்ள. உள்ள ஒரு கூட்டம் தின்னுக்கிட்டே இருக்காம்ல, அதுகளுக்கும் சேத்து." கொஞ்சம் நிறுத்தி, "எம்மக ஒடம்ப இன்னொருக்கா கிழிக்காம விட்டீகளே, அது போதும்" என்றார்.

மீன்முள் குத்தியதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டதை அத்தை ஒன்றுவிடாமல் வீட்டில் சொல்லிவிட்டார். இப்போதும் நான் மறுசோறு கேட்டால், எல்லோரும் "உங்களுக்கா, உள்ள இருக்குறவுகளுக்கா?" என்பார்கள். அர்த்தம் தெரியாமலே என் பிள்ளைகளும் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவர்கள் அப்படிக் கேட்டதும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பரிமாறியவர் விசாரித்தார். என் சின்னவள் யோசிக்காமல் சொன்னாள்: "குரங்கு."