பேர் சொல்லாத குடும்பம்

வெங்காயம் பாதி நறுக்கி முடிவதற்குள் நர்ஸம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் குடும்பம் யார் என்று தெரிந்தே ஆக வேண்டும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் சொன்னது இவ்வளவுதான்: கஷ்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காக எல்லாரும் சேர்ந்து சமைத்து விற்கிறோம், சோறும் கோழிக்குழம்பும், இருநூறு பார்சல், பேர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும். ஆண்டவருக்குத் தெரிந்த ஒன்று தனக்குத் தெரியாமல் இருப்பது, முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸம்மாவுக்குப் பழக்கமில்லை.

சபை மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சமையலறையில் பத்துப் பெண்கள் மேசையைச் சுற்றி நின்று நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கண்ணிலும் தண்ணீர். இதில் யார் நிஜமாக அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. சரி, வேறு அறிகுறிகளைப் பார்ப்போம் என்று நர்ஸம்மா கீழே பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற தையல்காரம்மாவின் செருப்பு வார் நூலால் தைக்கப்பட்டிருந்தது. போன வாரம் இரண்டு நாள் அவள் கடை பூட்டிக் கிடந்ததும் ஞாபகம் வந்தது. கன்னம் வேறு ஒட்டியிருந்தது. போதாதா?

நர்ஸம்மாவின் மனசு கரைந்துபோயிற்று. இருபது வருஷச் சிநேகிதி, தன்னிடம்கூட மூச்சு விடவில்லையே. இந்த நிலைமையிலும் அடுத்த வாரம் நடக்கப்போகும் நர்ஸம்மா மகள் கல்யாணத்துக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருக்கிறாளே.

வெளியே தெரியாமல் உதவ வேண்டும் என்று தீர்மானித்து, பேக்கரி அம்மாவின் காதில் விஷயத்தைப் போட்டாள். தையல்காரம்மா கையிலிருந்து கத்தியை வாங்கிவிட்டு உட்கார வை, யாரிடமும் மூச்சு விடாதே என்றாள். பேக்கரி அம்மா யாரிடமும் சொல்லவில்லை, பாட்டுக் குழு அக்காவிடம் மட்டும் சொன்னாள். அந்த அக்காவும் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னாள். எண்ணெய் காய்வதற்குள் சமையலறைக்கே தெரிந்துவிட்டது.

நாற்காலி வந்தது. ஒருத்தி பன் நீட்டினாள். இன்னொருத்தி முதுகைத் தடவி, எல்லாம் சரியாயிடும் என்றாள். சிலிண்டர் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன்கூட ஒரு நிமிஷம் நின்று, தலையை மெல்ல ஆட்டிவிட்டுப் போனார்.

தையல்காரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. போன வாரம்தான் நர்ஸம்மாவிடம் பிரஷர் பார்த்திருந்தாள். நர்ஸம்மாவின் கையைப் பிடித்து சாமான் அறைக்குள் இழுத்துப் போனாள்.

"அக்கா, ஒளிக்காம சொல்லுங்க. எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

"எத்தனை நாளா? எதுக்கு?"

"ஆளாளுக்கு வந்து தடவிக் குடுத்துட்டுப் போறாங்க. என்ன வியாதி? எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

வியாதியே இல்லை என்று நர்ஸம்மா சத்தியம் செய்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாரும் கடைசிவரைக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்று தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினாள். வேறு வழியில்லாமல் நர்ஸம்மா போட்டு உடைத்தாள்.

"வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்லடி. ஐயா சொன்ன கஷ்டப்படுற குடும்பம் நீதான்னு தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

தையல்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வரும்போதே கோபத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"கடையைப் பூட்டுனது உங்க மக உடுப்புக்கு லேஸ் தேடி அலைஞ்சதுக்கு. செருப்பு அறுந்ததும் அந்த அலைச்சல்லதான். ரொம்ப நல்லா இருக்கு, நர்ஸம்மா."

இருபது வருஷமாக அக்கா என்றவள் நர்ஸம்மா என்கிறாள். கல்யாணத்துக்கு ஆறே நாள். உடுப்பில் ஒரு கை இன்னும் தைக்கவில்லை.

தையல்காரம்மா நேராக, பார்சலுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்த வாசல் மேசைக்குப் போய், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, தன் பேரில் இருபத்தைந்து பார்சல் எழுதச் சொன்னாள்.

அங்கேதான் வினை தொடங்கியது. அவள் இல்லையென்றால் வேறு யார்? முதல் பார்வை பேக்கரி அம்மா மேல் விழுந்தது. அடுத்தவளைப் பற்றி அவ்வளவு அவசரமாக ஏன் சொன்னாளாம்? பேக்கரி அம்மா முப்பது பார்சல் எடுத்தாள். பாட்டுக் குழு அக்கா, யாரும் கேட்காமலே, இருபது. இரண்டே பார்சலோடு கிளம்பிய எலெக்ட்ரீஷியனிடம் யாரோ, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று இரக்கமாக விசாரிக்க, அவர் திரும்பி வந்து பதினைந்து வாங்கினார். பதினோரு மணிக்குள் இருநூறும் தீர்ந்து, இரண்டாவது அண்டாவை அடுப்பில் ஏற்றினார்கள்.

இதைத் தான்தான் நிறுத்த வேண்டும் என்று நர்ஸம்மா மண்டபத்தின் நடுவில் வந்து நின்றாள். யாரும் யாரையும் சந்தேகப்படக் கூடாது, கஷ்டம் எல்லார் வீட்டிலும் வருவதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்று தழுதழுத்த குரலில் பேசினாள்.

ஒரு நாற்காலி வந்தது. இந்தத் தடவை நர்ஸம்மாவுக்கு.

"கல்யாணச் செலவுன்னா சும்மாவா" என்று பேக்கரி அம்மா பன்னை நீட்டினாள். "எல்லாம் சரியாயிடும், நர்ஸம்மா."

நர்ஸம்மா நாற்பது பார்சல் வாங்கினாள்.

அத்தனையையும் எப்படி வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று திகைத்து நின்றபோது, தையல்காரம்மா வந்து இரண்டு பைகளைத் தூக்கினாள்.

"கல்யாணப் பந்திக்கு இதையே போட்டுடலாமா, அக்கா?"

அக்கா என்றுவிட்டாள். நர்ஸம்மாவுக்கு அது போதும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, கொல்லையில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த போதகரின் மனைவியிடம் போய், இனியாவது சொல்லுங்கள், நம் சபையில் அந்தக் குடும்பம் எது என்று கேட்டாள்.

போதகரின் மனைவி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நம்ம சபைன்னு ஐயா எங்க சொன்னாரு? அவங்க வேற ஊரு. போன வருஷம் பேரு, ஊரு, கஷ்டம் எல்லாம் விலாவாரியா சொல்லித்தான் வித்தோம், நூறுல எழுபது பார்சல் மிஞ்சிப்போச்சு."