ஐஸ் மேல ஒரு இட்லி பொடி டப்பா

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. உறைஞ்சு போன ஏரில ஓட்டை போட்டு மீன் புடிக்கணும்.

கேக்க ரொம்ப சிம்பிளா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

உறையாத ஏரிலயே நான் மீன் புடிச்சதில்ல, அது வேற விஷயம். ஐடியா என்னோடது இல்ல. ஆஃபீஸ்ல புதுசா சேந்த சரவணனோடது. பொள்ளாச்சிக்காரன். "ஏனுங்ணா, இந்த வருஷம் ஏரி நல்லா உறைஞ்சிருக்குதாமுங்க. ஐஸ் ஃபிஷிங் போலாமுங்களா?"ன்னு லஞ்ச் டைம்ல கேட்டான். பனி கொட்டற பார்சிப்பனில ஜனவரி மாசம் பொழுது போகாம உக்காந்திருக்கற ஒருத்தன்கிட்ட இப்படியெல்லாம் கேக்கக்கூடாது.

நான் ப்ரோக்ராம் மேனேஜர். எனக்கு வேலை செய்யத் தெரியாது, பிளான் பண்ணத் தெரியும். அன்னைக்கே எக்செல் ஓப்பன் பண்ணிட்டேன். மூணு ஷீட். ஒண்ணு டாக்கிள், அதாவது தூண்டில் சாமானெல்லாம், ஒண்ணு டாக்டிக்ஸ், ஒண்ணு ரிஸ்க்.

டாக்கிள் ஷீட்ல எல்லாம் இருந்துச்சு. ஐஸ துளைக்கற ஆகர், முழங்கை நீளத்துல ரெண்டு குட்டி தூண்டில், இழுத்துட்டு போக ஸ்லெட், வழுக்காம இருக்க ஆணி வெச்ச பூட்ஸ், தூரத்துலருந்து பாத்தாலும் பைத்தியம்னு தெரியற மாதிரி ஒரு ஆரஞ்சு கலர் சூட்.

டாக்டிக்ஸ் எல்லாம் வீடியோ பாத்துதான். குளிர்ல மீன் சோம்பேறியா இருக்குமாம். தேடி வராதாம். நாமதான் அது வாய்கிட்ட கொண்டு போயி, மெதுவா ஆட்டி ஆட்டி ஊட்டி விடணுமாம். என் பொண்ணுக்கு இட்லி ஊட்டி விட்டவன் நான். மீனெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா?

ரிஸ்க் ஷீட்ல ஐஸ் உடையறது, விரல் விறைக்கறது, கரடி வர்றது வரைக்கும் போட்டிருந்தேன்.

என் வொய்ஃப் வித்யா எட்டிப் பாத்தா. "மீனே கிடைக்காம வர்றது எந்த ஷீட்ல இருக்கு?"

"அது ரிஸ்க் இல்ல, வித்யா. அது நடக்கவே நடக்காது."

"சரி. சனிக்கிழமை ராஜி ஆன்ட்டி டிஃபனுக்கு வராங்க, ஞாபகம் இருக்கா?"

அய்யோ. மறந்தே போச்சு.

ராஜி ஆன்ட்டி பத்தி சொல்லிடறேன். எங்க ஏரியால பாட்டு கிளாஸ் எடுக்கறாங்க. அதுல எடம் கிடைக்கறதுக்கு கிரீன் கார்டே பரவால்ல. எங்க பொண்ணு மீரா ஒன்றரை வருஷமா வெயிட் லிஸ்ட்ல இருக்கா. ஒரு எடம் காலியாச்சாம். ஆன்ட்டி வீட்டுக்கு வந்து, குடும்பத்த பாத்து, பிடிச்சா சேத்துப்பாங்களாம். சுத்த சைவம். கேக்ல முட்டை இருக்கான்னு கேட்டுட்டுத்தான் பர்த்டே பார்ட்டிக்கே வருவாங்க.

"நீங்க வேணா போங்க, நானும் மீராவும் பாத்துக்கறோம். ஆனா மீன், தூண்டில், புழு, பூச்சி, எதுவும் இந்த வீட்டு வாசப்படி தாண்டக்கூடாது. ஆன்ட்டி மூஞ்சி சுளிச்சாங்கன்னா நீங்களும் உங்க மீனும் ஏரிலயே குடும்பம் நடத்துங்க."

"ச்சே ச்சே, நான் என்ன மடையனா?"

மடையன்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புழு வாங்கப் போனேன். வெள்ளை வெளேர்னு, மரத்தூளுக்குள்ள நெளியுது. கடைக்காரர், "உறைஞ்சா செத்துடும். சூட்டுல வெச்சா அந்துப்பூச்சி ஆயிடும்"னார். கராஜ்ல வெச்சா உறையும். வீட்டுக்குள்ள ஹீட்டர். உறையாம, சூடாகாம இருக்கற எடம் எங்க வீட்ல ஒண்ணே ஒண்ணுதான்.

ஃப்ரிட்ஜ்.

கடைல குடுத்த கப்புல பெருசா புழு படம் வேற போட்டிருந்துச்சு. அதனால புத்திசாலித்தனமா ஒரு வேலை பண்ணேன். காலி தயிர் டப்பால மாத்திட்டேன். எங்க ஃப்ரிட்ஜ்ல தயிர்னு எழுதின டப்பால தயிர் தவிர மத்த எல்லாம் இருக்கும். அதுல இன்னொரு டப்பா எவ கண்ணுக்குத் தெரியும்? கீழ்த்தட்டுல, நார்த்தங்கா ஊறுகாய்க்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சேன்.

சனிக்கிழமை விடியறதுக்குள்ள எந்திரிச்சேன். லைட் போட்டா வித்யா முழிச்சுப்பா. இருட்டுல, கைல க்ளவுஸோட, ஊறுகாய்க்குப் பின்னாடி தடவி டப்பாவ எடுத்தேன். காதுகிட்ட வெச்சு ஆட்டினேன். சர சரன்னு சத்தம். பர்ஃபெக்ட்!

ஏரிக்குப் போனா அங்க பில்னு ஒரு பெரியவர் பக்கெட்ட கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருந்தார். பக்கத்துல ஏற்கெனவே நாலு மீன். சரவணன் அதுல ஒண்ண கைல புடிச்சு செல்ஃபி எடுத்து ஊருக்கு அனுப்பிட்டான். நாங்க இன்னும் ஓட்டையே போடல.

ஆகர சுத்தறது ஆட்டுக்கல்ல மாவாட்டற மாதிரிதான். என்ன, மாவாட்டினா இட்லியாவது கிடைக்கும். மாத்தி மாத்தி சுத்தி, அஞ்சு லேயர் டிரெஸ்ஸுக்குள்ள வேர்த்து ஊத்தி, ஒரு வழியா தண்ணி வந்துச்சு. தூண்டில ரெடி பண்ணிட்டு கம்பீரமா டப்பாவத் திறந்தேன்.

கும்முனு பெருங்காய வாசனை.

சரவணன் எட்டிப் பாத்தான். "ஏனுங்ணா, புழுவ வறுத்து அரைச்சுட்டீங்களாங்ணா?"

இட்லி பொடி! என் மாமியார் ஊர்லருந்து அனுப்பின இட்லி பொடி. எனக்கு சுத்தமா பிடிக்காத இட்லி பொடி. ஒரு வாய் வெச்சா ஒரு மணி நேரம் விக்கல் வரும்.

நான் வாய பொளந்துட்டு நிக்கறதுக்குள்ள சரவணன் அதே மீன் கையால அள்ளி அள்ளி ஓட்டைக்குள்ள போட ஆரம்பிச்சுட்டான். "கோயில் குளத்துல பொரி போட்டா வருமில்லீங்ணா, அது மாதிரி!"

"டேய், நிறுத்துடா!"

பாதி டப்பா ஏரிக்குள்ள போயாச்சு. காத்துல கொஞ்சம் பில் பக்கம் போச்சு. அவர் விடாம தும்மினார். தும்மி முடிச்சுட்டு, பாவம்னு தோணிருக்கும் போல, அவரோட புழுல ரெண்டு எடுத்து என் கைல வெச்சார். நல்ல மனுஷன்.

உள்ளங்கைல அந்த வெள்ளைப் புழு நெளியறத பாத்தப்பதான் எனக்கு மண்டைல உறைச்சுது.

பொடி இங்க இருக்கு. அப்ப என் புழு எங்க?

சரவணன் அந்தப் புழுவ கொக்கில மாட்டி என் தூண்டில ஓட்டைக்குள்ள விட்டான். நான் வித்யாவுக்கு போன் போட்டேன்.

"ஏங்க!" குரல்லயே சந்தோஷம் வழியுது. "ஆன்ட்டி ஓகே சொல்லிட்டாங்க! செவ்வாய்க்கிழமைலருந்து கிளாஸ்! இப்பதான் கிளம்பினாங்க."

"சூப்பர். அந்த... ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல..."

"அம்மா பொடியா? ஆன்ட்டிக்குன்னே ராத்திரி எடுத்து வெச்சேன். டப்பாவோட குடுத்துட்டேன். வீட்ல அங்கிளுக்கு தோசை வார்த்து அந்தப் பொடியத்தான் தொட்டுக்க குடுக்கப் போறாங்களாம்!"

"திறந்து பாத்தியா?"

"எதுக்கு? எங்க அம்மா பொடிய நான் செக் பண்ணணுமா?"

வேலில போற ஓணான எடுத்து வேட்டில விட்டுக்கிட்ட கதை. இங்க ஓணான் இன்னொருத்தர் வேட்டிக்குப் போயிட்டு இருக்கு.

அந்த செகண்ட்ல என் தூண்டில் நுனி வளைஞ்சுது. நெஜமாவே! வாழ்க்கைல முதல் மீன்!

"ணா! கடிக்குதுங்ணா! இழுங்ணா!"

"நீயே இழுடா!"ன்னு சொல்லிட்டு, டப்பாவ எடுத்துட்டு கார பாத்து ஓடினேன். ஐஸ் மேல யாரும் ஓடக்கூடாதுன்னு டாக்டிக்ஸ் ஷீட்ல நானேதான் எழுதி வெச்சிருக்கேன்.

ஃப்ரீவேல வேண்டாத சாமி இல்ல. ஆன்ட்டி வீட்டு கதவு லேசா திறந்திருந்துச்சு. கிச்சன்லருந்து தோசை வாசனை. டைனிங் டேபிள்ல அங்கிள். தட்டுல முறுகலா தோசை. பக்கத்துல கிண்ணத்துல நல்லெண்ணெய். ஒரு கைல ஸ்பூன். இன்னொரு கை அந்த டப்பாவோட மூடி மேல.

"அங்க்க்க்கிள்!"

ஆணி வெச்ச பூட்ஸோட அவங்க புது ஹார்ட்வுட் ஃப்ளோர்ல அஞ்சாறு எட்டு. டப்பா என் கைல.

ஆன்ட்டி தோசைத் திருப்பியோட வெளில வந்தாங்க. என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க. அப்பறம் ஃப்ளோர பாத்தாங்க.

"என்னப்பா முரளி, ராக்கெட்ல ஏறப் போறவன் மாதிரி வந்து நிக்கற? என்ன ஆச்சு?"

உண்மைய சொன்னா மீராவுக்கு பாட்டு கிளாஸ் போச்சு. எனக்கு வீடு போச்சு. கைல இருந்த பொடிய மாத்திக் குடுத்துடலாம்னா அதுல பாதி ஏரில, மீதில மீன் வாசனை. யோசிச்சேன். ப்ரோக்ராம் மேனேஜர் மூளை வேலை செஞ்சுது.

"எனக்கு இந்தப் பொடி வேணும், ஆன்ட்டி."

"எது?"

"எங்க மாமியார் பொடி. வித்யா தெரியாம குடுத்துட்டா. இது இல்லாம எனக்கு... சாப்பாடே எறங்காது."

அங்கிள் கைல ஸ்பூன் அப்படியே நிக்குது. தொட்டுக்க ஒண்ணுமில்லாத தோசைய பாத்தார். என்ன பாத்தார். எண்ணெய பாத்தார். கல்யாண வீட்ல பந்தில உக்காந்தவன எழுப்பி விட்ட மாதிரி இருந்துச்சு. செத்துடலாம்னு தோணிச்சு எனக்கு.

"குடுத்தத திருப்பி வாங்கவா இந்தப் பனில இவ்ளோ தூரம் வந்த?"

"ஆமா, ஆன்ட்டி."

ஆன்ட்டி உள்ள போனாங்க. திரும்பி வந்தப்ப கைல ஒரு தயிர் டப்பா. "இந்தா, நான் அரைச்ச பொடி. இதயும் எடுத்துக்கோ. உனக்கு வீட்ல சரியா சாப்பாடு போடறாளா, இல்லயா?"

வாங்கிட்டு வந்து கார்ல உக்காந்தேன். பக்கத்து சீட்ல மூணு டப்பா. ஒரே தயிர், ஒரே சைஸ், ஒரே நீல மூடி. முதல் சிக்னல்ல பிரேக் போட்டதும் மூணும் உருண்டு கீழ விழுந்துச்சு. எது எதுன்னு தெரியல.

வீட்டுக்கு வந்தா வித்யா வாசல்லயே நிக்கறா. ஆன்ட்டி போன் பண்ணிட்டாங்க போல. திட்டப் போறான்னு தலைய குனிஞ்சேன். பாத்தா கண்ணெல்லாம் கலங்கி இருக்கு.

"எங்க அம்மா பொடி மேல உங்களுக்கு இவ்ளோ ஆசையா? ஒரு நாள் சொன்னதில்லயே?"

"அது... மனசுக்குள்ளயே வெச்சிருந்தேன்."

பின்னாடியே மீரா வந்தா. "அப்பா, யூ ஸ்மெல் லைக் அ லேக்."

வித்யா அப்பவே ஊருக்கு போன் போட்டா. மாமியார் போன்லயே அழுதாங்களாம். மாப்பிள்ளைக்காக அஞ்சு கிலோ பொடி அரைச்சு பார்சல் போட்டிருக்காங்க. செவ்வாய்க்கிழமை மீராவ கிளாஸ்ல விடப் போனா, ஆன்ட்டியும் பாவம் பாத்து இன்னொரு டப்பா பொடி குடுத்தாங்க. வித்யா பக்கத்துல உக்காந்து ஆசையா பரிமாறறா. விக்கிட்டே சாப்பிடறேன்.

அந்த மீன் ரெண்டு முழம் இருந்துச்சுன்னு சரவணன் ஆஃபீஸ் பூரா சொல்லிட்டு திரியறான்.

புழு டப்பாவ கராஜ்ல ஒவ்வொண்ணா திறந்து பாத்து கண்டுபுடிச்சு, பில்லுக்கே குடுத்துட்டு வந்தேன். அப்பறம் எக்செல்ல டாக்கிள் ஷீட்ட திறந்து, ஆகருக்கும் மேல, முதல் வரில ஒரு சாமான் சேத்தேன்: மார்க்கர் பேனா.