செருப்பு மாட்டும்போது சொன்னது

வம்பு பேசுவது பாவம் என்று அறிந்தவர்கள் அதைக் கண்களை மூடிக்கொண்டு பேசுவார்கள். அதற்கு விண்ணப்ப ஜெபம் என்று பெயர். இந்த உண்மையை நான் பிறரைப் பார்த்து அறிந்துகொள்ளவில்லை; நானே அனுபவித்து அறிந்தேன். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. விவரம் தெரியாத பருவம்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு விலகி, நாற்பது ஆண்டுகள் ரப்பர் மரங்களில் பால் வெட்டி, அதைச் சிரட்டைகளில் பிடித்து, ஓய்வுபெற்றவன் நான். வாசகசாலையில் கிடைத்ததை எல்லாம் படித்து, நல்ல தமிழை நானாகவே தேடிக்கொண்டேன். தேடிய தமிழை எங்கே பேசுவது? மரங்கள் மறுமொழி சொல்வதில்லை. ஆகவே எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேசினேன். காலப்போக்கில், நோயுற்றோருக்காக ஜெபிக்கும் பொறுப்பு முழுவதும் என்னிடமே வந்துவிட்டது. (நான் ஜெபத்தைத் தொடங்கும்போது பாலில்லாத கட்டன்காப்பிக்குத் தண்ணீர் வைத்தால், நான் ஆமென் சொல்லும்போது பாத்திரம் கரிந்திருக்கும் என்பது என் மகள் ஷீலாவின் கணக்கு.)

ஷீலாவின் மகள் அபிஷா அந்த ஆண்டு பிளஸ் டூ முடித்து, நீட் தேர்வும் எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்தாள். அவள் மருத்துவராக வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அவளுக்கு மட்டும் ஐயம்.

"நான் டாக்டர் வேலைய கிட்ட நின்னு பாத்ததே இல்ல தாத்தா. ஊசி போட்ட அன்னு கெடந்து அழுததுதான் ஞாவம் உண்டு. பாக்காம எப்படி அஞ்சு வருசம் படிக்கேன்னு சொல்ல?" என்றாள்.

கேள்வி நியாயமானது. எனவே குலசேகரத்தில் எங்கள் குடும்பத்தின் காய்ச்சல், பேதி, பிரசவம் அனைத்தையும் முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் டாக்டர் சுகந்தியிடம் அவளை அழைத்துச் சென்றேன். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகள் சிலரை அந்த அம்மையார் ஒரு மாதம் தம் அருகில் அமர்த்திக்கொள்வது உண்டு.

"இதுவரைக்கும் அஞ்சு பிள்ளைகள் வந்து இருந்தாச்சு," என்றார் டாக்டர். "மூணு பேரு டாக்டராச்சு. ரெண்டு பேரு, இது நமக்கு ஒக்காதுன்னு நேரத்தோட கண்டுபிடிச்சாச்சு. என் கணக்குல அஞ்சும் பாஸாக்கும்."

பிறகு தம் மேசையருகே கிடந்த ஒரு மர ஸ்டூலை அபிஷாவுக்குக் காட்டினார். "நோயாளி சரின்னு சொன்னா மட்டும் நீ இதுல இருக்கலாம் மக்களே. ஒண்ணயும் தொடப்பிடாது. போன் வேண்டாம். ஸ்டூல்ல இருந்து கேட்டது ஸ்டூல்லயே இருக்கணும். ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா, அப்புறம் ஸ்டூல் கெடையாது."

நான் நிமிர்ந்து நின்று, "டாக்டரே, எனக்க பேத்திக்க நாக்குக்கு நான் ஜாமீன்!" என்று அறிவித்தேன். யாரும் என்னிடம் ஜாமீன் கேட்கவில்லை.

மறுநாள் முதல் காலைப் பேருந்தில் அவளை அழைத்துச் சென்று, மதியம் வரை மருத்துவமனை வாசல் பெஞ்சில் காத்திருந்து, திரும்ப அழைத்து வந்தேன். உள்ளே நடப்பதை அறிய ஆவல் இருந்தது. அபிஷாவோ பேருந்தில் ஒன்றும் சொல்லமாட்டாள். அவளுடைய நோட்டைக் கேட்டேன், தந்தாள். அதில் ஒரு பெயரும் இல்லை. முதல் வாரம் முழுவதும் அவளுக்கு ஒரே வேலைதான்: கேட்டிலிருந்து வாசல்வரை நோயாளி நடந்து வருவதை ஜன்னல் வழியே பார்த்து, 'இடது காலை ஊன்றத் தயங்குகிறார்', 'கைப்பிடியைத் தேடுகிறார்' என்று எழுதுவது. ஸ்டெதஸ்கோப்பை நோயாளியின் நெஞ்சில் வைக்கும் முன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. இரண்டாம் வாரத்தில் பக்கத்தை நெடுக்காக இரண்டாய்ப் பிரித்திருந்தாள். ஒரு பக்கம் 'உட்கார்ந்ததும் சொன்னது'. மறுபக்கம் 'செருப்பு மாட்டும்போது சொன்னது'.

"இது என்னவாக்கும்?" என்றேன்.

"டாக்டர் சொன்னது தாத்தா. வந்து இருந்த ஒடனே சொல்லது பாதி நோய்தானாம். எல்லாம் முடிஞ்சு, வாசல்ல செருப்ப மாட்டும்போ திரும்பி நின்னு ஒண்ணு சொல்லுவினும் பாருங்க, அதுதான் மீதி. அதுக்குப் பொறவு டாக்டர் அவிய கையப் பிடிச்சு திரும்பவும் உள்ள கொண்டு இருத்துவாங்க."

இதைக் கேட்டு நான் உண்மையாகவே வியந்தேன். முப்பது ஆண்டுகளாக மனிதர்களின் முதுகு திரும்பும் கணத்துக்காகக் காத்திருக்கும் பொறுமை எத்தகையது! அந்த வியப்பில் ஒரு சிறு விவரத்தைக் கவனிக்கத் தவறினேன். செருப்புகள் கிடந்தது நான் அமர்ந்திருந்த பெஞ்சின் காலடியில். இடையில் கதவு இல்லை. ஒரு துணித்திரை மட்டுமே. நோயாளிகளின் மீதி நோய்கள் அனைத்தும் தினமும் என் காதருகே சொல்லப்பட்டு வந்தன.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை தவமணி வந்தார். தவமணி என் நண்பர், சபையின் கமிட்டி உறுப்பினர், ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் உடையவர். முழங்கால் வலி என்று உள்ளே போனார். வெளியே வந்து ஒரு செருப்பை மாட்டினார். மற்றதை மாட்டாமல் திரும்பி நின்றார்.

"டாக்டரே... வீட்டுல அவ தரக்கூடிய சுகர் மாத்திர இருக்குல்லா? ரெண்டு மாசமா நான் முழுங்கல்ல. வாயில போடுதது மாதிரி காட்டிட்டு, வெளிய வந்து ரப்பர் மரத்துச் செரட்டையில போட்டிருவேன். ஒருக்கா தொடங்கினா சாவுது வரைக்கும் விடப்பிடாதுன்னு சொல்லுதாவ. அதாக்கும் பேடி, ஒரு பயம்."

டாக்டர் எழுந்துவந்து அவரை மீண்டும் உள்ளே அழைத்துப்போனார். அரைமணி நேரம் பேசியிருப்பார். தவமணி வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. திங்கட்கிழமை வெறும் வயிற்றில் சோதனைக்கு இரத்தம் கொடுக்க வருவதாகச் சொல்லிப் போனார். நான் உருகிப்போனேன். என் நண்பர் ஓர் அச்சத்தோடு தனியே போராடுகிறார். அவருக்காக ஜெபிக்காமல் இருப்பது எப்படி?

மறுநாள் வெள்ளி. கூட்டம் தவமணியின் வீட்டிலேயே நடந்தது. பாய்விரிப்பில் இருபது பேர். நோயுற்றோருக்காக நான் கண்களை மூடினேன். தமிழ் பொங்கி வந்தது.

"இனிப்பின் பெயரைத் தாங்கிய கசப்பான பிணியினால் சோதிக்கப்படுகிற உமது தாசனாகிய தவமணியை நினைத்தருளும். அவருடைய மனையாட்டி அன்போடு எண்ணிக் கொடுக்கும் மாத்திரைகளை உட்கொள்ளாமல், ரப்பர் மரத்தின் சிரட்டைகளிலே இரகசியமாக இட்டுவருகிற அவருடைய அறியாமையை மன்னித்தருளும்..."

வழக்கமாக என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் 'ஆமென்' என்று ஒரு முணுமுணுப்பு எழும். இம்முறை எழவில்லை. நான் ஒரு கண்ணைத் திறந்தேன். இருபது பேரும் இரு கண்களையும் திறந்து வைத்திருந்தார்கள்.

"செரட்டையிலயா?" என்றார் தவமணியின் மனைவி லில்லி பாய். "அப்பம் ரெண்டு மாசமா நான் எண்ணி எண்ணி தந்தது மரத்துக்காக்கும்?"

"நல்லதுதானே எக்கா, மரத்துக்கு சுகர் வராது," என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

தவமணி பல்லைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். "ஆமென் சொல்லும் ஓய்! சொல்லி முடியும்!"

சொன்னேன். என் வாழ்வின் மிகச் சிறிய ஜெபம் அதுவே. அன்று கட்டன்காப்பியை எல்லோரும் நின்றுகொண்டே குடித்தார்கள்.

ஊர் என்னைச் சந்தேகிக்கவில்லை, அதுவே கொடுமை. டாக்டரின் அறைக்குள் இருப்பவள் என் பேத்தி. ஆகவே அவள்தான் சொல்லியிருப்பாள் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை காலை பெஞ்சில் பாதி ஆட்களே இருந்தார்கள். வந்தவர்களும் உள்ளே போய், "அந்தப் பிள்ள வெளிய நிக்கட்டு டாக்டரே" என்றார்கள். வெளியே வந்து நின்ற அபிஷாவை லில்லி பாய் பிடித்துக்கொண்டார்.

"மக்களே, உள்ளத சொல்லு. அவரு வேற என்னெல்லாம் சொன்னாரு?"

"இங்க யாரு வந்தா, யாரு வரல்லன்னே நான் சொல்லப்பிடாது மாமி."

"தாத்தாட்ட மட்டும் சொல்லலாமோ?"

மதியம் டாக்டர் அவளிடம், "ரெண்டு நாளு வீட்டுல இரு மக்களே. ஆளுகளுக்கு நம்பிக்க வரட்டும்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் ஸ்டூல் மூலையில் நகர்த்தப்பட்டிருந்தது.

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. (சபை எனக்குத் தந்த ஜெபவீரன் என்ற பட்டம் பெரிதாகத் தெரிந்தது. வேறு பட்டம் எதுவும் இல்லாதவனுக்கு அப்படித்தான் தெரியும்.) ஞாயிற்றுக்கிழமையும் கழிந்தது. அபிஷா நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு, ஒருவரிடமும் முறையிடாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன மக்களே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நான் இல்லன்னா பின்ன யாருன்னு கேப்பினும். அந்த மாமா வாசல்ல நின்னு சொன்னாரு, தாத்தா பெஞ்சுல இருந்து கேட்டாருன்னு நான் சொல்லணும். அப்போ அவரு வந்ததும் சொன்னதும் என் வாயால உறுதியாயிரும்லா? டாக்டர் சொன்னது ஒரு வார்த்த கூட வெளிய போவப்பிடாதுன்னுதான். நம்மள காப்பாத்த மட்டும் வெளிய போலாம்னு சொல்லல்ல."

பதினெட்டு வயதுப் பெண் பழியைச் சுமந்துகொண்டு துணி மடிக்கிறாள். அறுபத்தாறு வயதுக்காரன் பட்டத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஷீலா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் அப்பா, இதுக்கு ஒரு ஜெபம் கெடையாதா?" என்றாள். அதற்கு மேல் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை டோக்கன் எடுத்து, நோயாளியாகவே டாக்டர் முன் அமர்ந்தேன். சொல்ல வேண்டியதை நல்ல தமிழில் கோத்து வைத்திருந்தேன். ஒரு வாக்கியமும் வரவில்லை. தலை கனக்கிறது என்றேன். இரத்த அழுத்தம் பார்த்தார். மழை குறைவு என்றேன். பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் பற்றியும் சிறிது உரைத்தேன். டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். எழுந்தேன், திரையை விலக்கினேன், ஒரு செருப்பை மாட்டினேன். மற்றது காலில் நுழையவில்லை. திரும்பி நின்றேன்.

"டாக்டரே... பிள்ள ஒண்ணும் சொல்லல்ல. இந்தப் பெஞ்சுல இருந்து நானாக்கும் கேட்டது. ஜெபத்துல சொன்னதும் நான்தான்."

டாக்டர் இரத்த அழுத்தக் கருவியை மூடிவைத்தார். "இப்பந்தான் அண்ணாச்சி, உங்களுக்க நோய் என்னன்னு தெரியுது. பிள்ளைக்க நாக்குக்கு ஜாமீன் நின்னியளே, உங்களுக்க நாக்குக்கு ஆளு வச்சியளா?"

அவர் எழுந்துவந்து செருப்புகளையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முப்பது வருசமா செருப்பு இங்கதான் கெடக்கு. பக்கத்துல பெஞ்சப் போட்டது நான். எனக்கும் இதுல பங்கு உண்டு," என்றார். ஊரே மதிக்கும் மருத்துவர், பால் வெட்டுக்காரன் முன்னால் தம் பிழையை ஒப்புக்கொண்டார்! எனக்கு மூன்று நாட்கள் பிடித்த காரியம் அவருக்கு ஒரு மூச்சில் முடிந்தது.

பிறகு மருந்துச் சீட்டை எடுத்து எழுதித் தந்தார்: 'வெள்ளிக்கிழமை. அதே வீடு. கண்ணைத் திறந்து. சாதாரணத் தமிழில். ஒரு வேளை.'

அந்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்றேன். கண்களை மூடாமல் இருபது முகங்களைப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன். "அபிஷா யாரிட்டயும் ஒண்ணும் சொல்லல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து ஒட்டுக் கேட்டவன் நான். தவமணி, எனக்குத் தப்பு பற்றிப்போச்சு. மன்னிக்கணும்." அவ்வளவுதான்.

தவமணி தொண்டையைச் செருமினார். "முடிஞ்சா? இல்ல, இன்னும் செரட்ட கிரட்ட எதாவது பாக்கி உண்டுமா?"

வீடு சிரித்தது. ஆனால் அவர் அந்த வாரம் திங்கட்கிழமை இரத்தம் கொடுக்கப் போகவில்லை என்பதை நான் அறிவேன். அந்தச் சிரிப்பில் நான் சேரவில்லை.

சனிக்கிழமை காலை அவர் வெறும் வயிற்றோடு போய் டாக்டர் முன் அமர்ந்தார். டாக்டர் கேட்டாராம்: "அந்தப் பிள்ள திரும்ப வந்து இருக்கலாமா?"

"அவ இருக்கட்டும். வேணும்னா நானே போய் கூட்டிட்டு வாறேன். அந்தக் கெழவன மட்டும் கேட்டுக்கு வெளிய நிறுத்துங்க," என்றாராம். சொன்னபடியே எங்கள் வீட்டுக்கு வந்து அபிஷாவை அழைத்துப் போனவரும் அவரே. (இவை எல்லாம் தவமணியே எனக்குச் சொன்னவை. எழுதுவதற்கும் அவரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கியிருக்கிறேன். சூடு கண்ட பூனை நான்.)

அபிஷா மாதத்தை நிறைவு செய்தாள். கடைசி நாளில் டாக்டர் அவளிடம் "என்ன முடிவு?" என்று கேட்க, "படிக்கேன் டாக்டர்" என்றாளாம். இப்போது படிப்பு முடிந்து, ஓர் அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்கிறாள். டாக்டர் சுகந்தியின் பெஞ்சு இன்று மாமரத்தடியில், செருப்புகளுக்கு எட்டாத தொலைவில் கிடக்கிறது. புதிதாக வரும் மாணவர்களுக்கு அந்த இடமாற்றத்தின் வரலாறு முதல் நாளே சொல்லப்படுகிறது. பெயர் சொல்லாமல்தான், ஆனால் குலசேகரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் யாராவது விஷயத்தைச் சொல்லாமல் வளைத்துப் பேசினால், "செருப்ப மாட்டிட்டுச் சொல்லும்" என்பது வழக்கமாகிவிட்டது. சோற்றுக்கு முன் நான் கண்ணை மூடினால், ஷீலா மறக்காமல், "அப்பா, பேரு வேண்டாம்" என்பாள்.

சென்ற மாதம் அபிஷா விடுமுறைக்கு வந்திருந்தாள். நான் அவளிடம் மழையைப் பற்றிப் பேசினேன். அணையின் நீர்மட்டத்தைப் பற்றியும் பேசத் தொடங்கினேன். அவள் எழுந்து போய், வாசலில் கிடந்த என் செருப்புகளைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு அமர்ந்தாள்.

"இனி சொல்லுங்க தாத்தா."

ஒரு செருப்பை மாட்டினேன். சொன்னேன். அவள் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினாள்.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. அது அந்த ஸ்டூலிலேயே இருக்கட்டும்.