மஞ்சள் தண்ணீர் தந்த காய்ச்சல்

காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளலாம். எந்தக் காய்ச்சல் என்று தெரியாவிட்டால் எங்கே படுப்பது, யாரை விட்டு விலகிப் படுப்பது என்று ஒரு மண்ணும் விளங்காது. அனுபவத்தில் சொல்கிறேன்.

கொரோனாக் காலம். பதுளையில் நான் வேலைபார்த்த கடையைப் பூட்டிவிட்டதால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பியிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலுக்கு வாசல் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர்ச் சட்டி வைக்கச் செய்தேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.) அப்போது மஞ்சள் இறக்குமதி நின்றுபோய், கடைகளில் அது குதிரைக்கொம்பாகியிருந்தது. அதனால் தண்ணீரைக் கீழே ஊற்றக் கூடாது, குறைந்தால் மேலே விட்டு நிரப்பினால் போதும் என்று சட்டமும் போட்டேன். தேங்கிய தண்ணீரைக் கண்டால் திட்டிக் கவிழ்த்துவிட்டுப் போகும் சுகாதாரப் பரிசோதகரும் கொரோனா வேலையில் அலைந்ததால் எங்கள் பக்கம் வரவில்லை.

முதலில் விழுந்தது நான்தான்; பின்னால் லயத்தில் இன்னும் சிலரும் விழுந்தார்கள். உடம்பை அடித்துப் போட்டது போலிருந்தது. வீட்டில் ஆறு மாதப் பெண் குழந்தை. கொரோனா அவளுக்கு ஒட்டிவிடும் என்று நடுங்கி, மூடிக்கிடந்த பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) போய்ப் படுத்தேன். மனைவி செல்வி ஜன்னலுக்கு வெளியே நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். மாஸ்க் போட்ட என்னைப் பார்த்து அது வீரிட்டது. நானும் அழுதேன்.

பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. காய்ச்சலோ இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். பிறகு பரிசோதகர் லயத்துக்கு வந்து பார்த்தால், நான் வைத்த சட்டி அத்தனையிலும் நுளம்புப் புழு (கொசுப் புழுதான்) நெளிந்ததாம்.

குணமாகி வீட்டுக்கு வந்தும் குழப்பம் தீரவில்லை.

"பிள்ளையத் தூக்கலாமா?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"தூக்கலாம்னாங்க. ஆனா எது எப்படி ஒட்டும்னு எனக்கு ஒண்ணும் வெளங்கலயே."

"எனக்கும்தான் வெளங்கல. அப்ப ரெண்டுக்கும் சேத்தே காபந்து பண்ணிருவோம்."

ஆக, முகத்தில் மாஸ்க், கையில் சவர்க்கார வாசனை, சுற்றிலும் நுளம்பு வலை என்று என்னை உட்கார வைத்து, பிள்ளையை மடியில் விட்டாள். அது அழவில்லை. என் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தது. அந்த நிமிஷம் எனக்கு எல்லா நோயும் மறந்துபோனது. செல்வி போனில் படம் எடுத்தாள்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் படத்தைக் காட்டி அவள் சொல்வது இதுதான்: "இது எங்கப்பா. இவரு எல்லாருக்கும் காய்ச்சல் குடுத்ததால புடிச்சு வலையில போட்டுட்டாங்க. நான்தான் காவலுக்கு இருந்தேன்."