பாட்டுக் கேட்டதால் லோஞ்சைத் தவறவிட்ட மாமா

தன்னை எல்லாம் தெரிந்தவன் என்று நினைக்கிறவனை மடக்க உலகத்துக்குப் பெரிய ஆயுதம் தேவையில்லை. என்னை ஒரு கசெற் மடக்கியது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் கலியாண வயதுக்குள் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட சொந்தமாகச் சவுண்ட் சேர்விஸ் வைத்துவிட்டேன். (மாமன் மச்சான் உதவி இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.) என் பெட்டிகள் பாடினால் கிண்ணியாவில் கோழி முழிக்கும் என்று நானே சொல்லித் திரிந்த காலம்.

சண்டைக் காலமும் அதுதான். எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனார் கட்டைபறிச்சானிலிருந்து குடாக்கடலைக் கடந்து மோட்டர் லோஞ்சில் வந்தார். மாப்பிள்ளையின் தொழிலைக் கண்ணால் பார்த்துத்தான் சம்மதம் சொல்வாராம். பின்னேர லோஞ்சைத் தவறவிட்டால் விடியும்வரை ஒரு தோணியும் ஓடாது.

சினிமாப் பாட்டொன்று போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். என் பெருமை விடுமா? நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரப் பொடியன், ரேடியோ திருத்தியதற்கு ஒரு கசெற் தந்திருந்தான். கறுப்பு அட்டை, மரவேர் மாதிரி எழுத்து. (படிப்பில்லாததால்தான் வாசிக்க ஏலவில்லை என்று நினைத்தேன். பிறகு இங்கிலீஷ் வாத்தியாரும் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.) அதைப் போட்டேன்.

‘ம்ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். பாட்டு வரும் வரும் என்று பார்த்தால், அதே சத்தம்தான் இன்னும் தடித்தது. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே காரணம்தான்: ஏர்த் வயர் பிழை.

“ஒரு நிமிசம் ஐயா!”

அம்பிளிபயரைத் திருப்பி வயரெல்லாம் முறுக்கினேன். ஏர்த் கம்பியை மண்ணில் தாட்ட இடத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். சத்தம் சற்று மாறியது.

“பாருங்கோ, பிடிச்சிட்டன்!”

உண்மையில் அது, கசெற்றில் கிற்றார் வாசிக்கிறவன் ஆறுதலாகக் கம்பியில் அடுத்த தட்டுத் தட்டியது. மறுபடி ‘ம்ம்ம்’.

“தம்பி, பிழையொண்டுமில்லை. இது பாட்டு.”

“பாட்டெண்டால் பாடுறது ஆர் ஐயா?”

“கதையாமல் இரும்.”

இருந்தேன். நிலம் அதிர்ந்தது. தேத்தண்ணியில் வளையம் வளையமாக அலை. கோணேசர் மலையடியில் கடல் இடிப்பதை நெஞ்செலும்பால் கேட்போமே, அதுபோல. பெரிய சத்தம் கேட்டால் குப்புறப் படுத்துப் பழகிய உடம்பு, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பெரிய சத்தத்துக்குள் நிமிர்ந்து இருந்தது. பக்கத்தில் பார்த்தேன். கிழவர் தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமிக்கு முன் நிற்பதுபோல் எழுந்து நின்றார்.

ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டு ஓடி முடிந்து, கசெற் ‘டக்’ என்று நின்றது. லோஞ்சும் போய்விட்டது.

பட்டணத்துக்குப் போன ஆம்பிளை திரும்பாவிட்டால் அந்தக் காலத்தில் வீட்டார் என்ன நினைப்பார்கள்? அறிவிக்கத் தொலைபேசியும் இல்லை. மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது வாசலில் ஊரே குந்தியிருந்தது. அழுதழுது முகம் வீங்கிய அவரின் மனிசி எழும்பி வந்தா.

“எங்கை போனனீங்கள்?”

“பாட்டுக் கேட்டனான்.”

“நாங்கள் இஞ்சை ஒப்பாரி வைக்க, நீங்கள் பாட்டுக் கேட்டனீங்களோ! எத்தினை பாட்டு?”

“ஒண்டுதான்.”

சம்பந்தம் அதோடு முடிந்தது என்று படலைப் பக்கம் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. “அம்மா, ஐயாவை ஒரு இடத்திலை இருத்தி வைக்க உங்களாலை ஏலுமே? இவர் ஒரு பாட்டாலை இருத்திப் போட்டார். இந்த ஆளையே எனக்குப் பேசுங்கோ.”

அந்தச் சிரிப்புக்காரிதான் என் மனிசி. இன்றும் வந்தவர்களிடம் நான் என் பெருமையைத் தொடங்கினால், அவள் குசினிக்குள்ளிருந்தே அவர்களைக் கேட்பாள்:

“உங்கடை கடைசி பஸ் எத்தினை மணிக்கு?”